பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்களும் மூடிவிட்டால், பெங்களூரில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் போன் ஓயாது. "அங்கே வெயில் அவ்வளவா இல்லையாமே, ஒரு நாலு நாள் வந்து இருந்துட்டுப் போறோம்." வரட்டும், தாராளமாக வரட்டும். அடுத்த கேள்வியில்தான் வம்பு. "என்னவெல்லாம் பார்க்கலாம்?" உடனே நாமும் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவோம். லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா, திப்பு அரண்மனை, பன்னேர்கட்டா, இஸ்கான். எண்பது வயதுப் பெரியம்மாவுக்கும் இதே பட்டியல். இன்டர்வியூவுக்கு வந்திருக்கும் பையனுக்கும் இதே பட்டியல். பெரியம்மாவும் பாவம், யார் மனதையும் நோக வைக்கக் கூடாதென்று காரில் ஏறி ஏறி இறங்குவார்.

எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு வருத்தம். ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வருகிறவரைப் பற்றி இரண்டே இரண்டு விஷயம் விசாரிக்க வேண்டும் என்பேன். முட்டி எப்படி இருக்கிறது? திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாகவே அடிபட்டுப் போகும். மிச்சம் இருப்பதில் ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை. காலையில் மல்லேஸ்வரம், மத்தியானம் பன்னேர்கட்டா, சாயங்காலம் எம்.ஜி. ரோடு என்று போட்டால் விருந்தாளி நன்றாகப் பார்த்தது முன்னால் நின்ற லாரியின் பின்பக்கமாகத்தான் இருக்கும்.

முதலில் பெரியவர்கள். பெரியவர்களுக்கு லால்பாக் என்று நானும்தான் சொல்வேன். ஆனால் லால்பாக்கில் எது, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. இன்றைக்கு 240 ஏக்கர். முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்று முட்டி வலிக்காரரை இழுத்துக்கொண்டு போனால் அடுத்த நாள் முழுக்கத் தைலம் தேய்க்க வேண்டியதுதான். உள்ளே பேட்டரி கார் ஓடுகிறது, அதில் ஏற்றிவிடுங்கள். பச்சை நிற மெட்ரோவில் வந்தால் லால்பாக் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், மேற்கு வாசல் பக்கம். கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே மலர்க் கண்காட்சி வைப்பார்கள். அந்த நாட்களில் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். பூவைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம்.

நான் காட்டச் சொல்வது அங்கே இருக்கும் பாறையை. எல்லோரும் அதன் மேலே ஏறி கெம்பேகவுடா கோபுரத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். காலடியில் இருப்பது சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய கல். 1975இல் அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். விடியற்காலையில் போய் அதன் மேல் உட்கார்ந்தால் காற்று கிடைக்கும், ஊரும் தெரியும். ஏற முடியாதவர் அடிவாரத்திலேயே ஒரு பெஞ்சில் இருக்கட்டும். பிறகு வெளியே வந்தால் கொஞ்ச தூரத்திலேயே எம்.டி.ஆர். ஓட்டல். 1924இல் தொடங்கியது. ரவா இட்லியே அங்கேதான் பிறந்தது, போர்க்காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவையில் செய்து பார்த்தது என்பார்கள். வரிசை நீளம். சீக்கிரம் போய்விடுங்கள்.

லால்பாக்கைச் சொல்லும்போது இன்னொரு வகை விருந்தாளியையும் சொல்லியாக வேண்டும். இவர்களை யாரும் சுற்றுலாப் பயணி என்று கணக்கில் எடுப்பதில்லை. நிம்ஹான்ஸுக்கும் கித்வாய் மருத்துவமனைக்கும் தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் நோயாளியோடு வருகிறவர்கள். நோயாளியை உள்ளே விட்டுவிட்டு, ரிப்போர்ட் வர நாலு மணி நேரம் ஆகும் என்றால் வராந்தாவிலேயே சுருண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படி வந்திருந்தால், கூட இன்னொருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒருவர் இருக்கட்டும், இன்னொருவர் ஆட்டோ பிடித்து லால்பாக் போய் ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும். பக்கம்தான். அவருக்கு விதான சௌதா வேண்டாம். நிழல் போதும்.

சரி. இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சியை நடத்துகிறவர் ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மடிவாளாவைத் தெரியாமல் இருக்காது. சென்னை பஸ், மதுரை பஸ், கோயம்புத்தூர் பஸ், எல்லாம் ஓசூர் ரோடு வழியாக வந்து சில்க் போர்டு தாண்டி அங்கேதான் ஆட்களைக் கொட்டும். விடியற்காலையில் பையும் கையுமாக, ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டு நின்றிருப்பீர்கள். இரவிலும் அதே இடத்தில், வராத பஸ்ஸுக்காக நின்றிருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் ஒரு சோமேஸ்வரர் கோவில் இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வேப்பூர்க்காரர் ஒருவர் நிலம் கொடுத்த செய்தி. அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். வேங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலம் என்று இன்னொரு கல்வெட்டில் வருகிறது. கெம்பேகவுடா ஊரைக் கட்டுவதற்கு முந்தைய சங்கதி இது. நாம் என்னவோ ஐ.டி. கம்பெனி வந்த பிறகுதான் தமிழன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மாமா ஒருவர் மன்னார்குடிப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்திக்குக் காது குத்துகிறார்கள் என்று வந்தார். வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக அரண்மனையைக் காட்டினார்கள், பெரிய மால் ஒன்றையும் காட்டினார்கள். "நல்லா இருக்குப்பா" என்றார். அவர் "நல்லா இருக்குப்பா" என்று சொன்னால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். திரும்பிப் போகிற பஸ் இரவு ஒன்பதரைக்கு. டிராபிக்குக்குப் பயந்து நாங்கள் ஏழு மணிக்கே மடிவாளாவில் போய் நின்றுவிட்டோம். நிற்கிற நேரத்துக்குச் சாமியாவது கும்பிடலாமே என்று கோவிலுக்குக் கூட்டிப் போனேன்.

சாமி கும்பிட்டார். பிறகு சுவரைப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனார். "போன்ல டார்ச் இருக்கா?" என்றார். நான் போனை எடுத்து எழுத்தின் மேல் அடித்தேன். வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. "நேரா அடிக்காதேப்பா, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடி" என்றார். பிடித்தேன். நேயர்களே, வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. இந்த வித்தையை நீங்களும் செய்து பாருங்கள், எந்தக் கோவில் சுவரிலும் செய்யலாம். போனைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்வஸ்திஸ்ரீ என்று ஆரம்பித்தார். அப்புறம் மெதுவாகத்தான் போனது. அந்தக் காலத்துக் கல்லில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ஆகவே கானாவா இக்கன்னாவா என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். இடையில் சிமெண்ட் அப்பியிருந்த இடத்தில் "அடப்பாவி" என்றார். பக்கத்தில் பூக்கட்டும் அம்மா வந்து நின்றார். இரண்டு பையன்கள் வந்து அவர்களும் டார்ச் அடித்தார்கள். மாமா அவர்களை வகுப்பாக்கிவிட்டார். "இது என்ன எழுத்து சொல்லு பார்ப்போம்." அதற்குள் பஸ்காரரிடமிருந்து போன். "சார், எங்க இருக்கீங்க, வண்டி எடுக்கப் போறோம்." மாமா கையை மட்டும் ஆட்டினார். "இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி." ஒருவழியாக நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்து ஏறினார். இப்போதும் போன் செய்தால் எங்கள் சௌக்கியத்தை விசாரிப்பதற்கு முன்னால் அந்தச் சுவரில் யாரும் பெயிண்ட் அடித்துவிடவில்லையே என்றுதான் கேட்கிறார்.

இதற்காகத்தான் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்கிறேன். பஸ் இரவு என்றால் மடிவாளாப் பக்கம் சாயங்காலத்தை வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் நாட்டம் உள்ளவருக்கு டொம்ளூர் சொக்கநாதர் கோவிலும் உண்டு, அங்கேயும் தமிழ்க் கல்வெட்டு. சொக்கநாதர் என்றதும் மதுரைக்காரர்கள் விபூதியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், உள்ளே இருப்பவர் பெருமாள். தஞ்சாவூர்க்காரர் வந்தால் மல்லேஸ்வரத்தில் காடு மல்லேஸ்வரர் கோவிலைக் காட்டுங்கள். அதைக் கட்டுவித்தவர் சிவாஜியின் தம்பி வெங்கோஜி. பின்னால் தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிவைத்த அதே மனிதர். ஊர்ப் பேச்சு பேச ஒரு சாக்குக் கிடைக்கும்.

திருவிழாப் பிரியர் என்றால் இடத்தைச் சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். கன்னடப் பஞ்சாங்கத்தின் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோவில் கரகம். பெண் வேடமிட்ட பூசாரி மல்லிகைக் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ விடிய விடியப் பழைய பேட்டைத் தெருக்களைச் சுற்றி வருவார். வழியில் மஸ்தான் சாகிபு தர்காவுக்கும் போவார். நடத்துகிறவர்கள் திகளர் சமூகத்தார். செப்டம்பர் 8 என்றால் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்கா. வேளாங்கண்ணிக்குப் போக முடியாதவர்கள் காவி உடுத்தி அங்கே வருவார்கள். கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை என்றால் பசவனகுடி கடலைக்காய்த் திருவிழா. நந்திக்குப் படைக்கிற கடலை, தெரு முழுக்கக் குவியல் குவியலாக. பெரியவர்களுக்கு அவ்வளவு நடக்க முடியாது, மறுபடியும் முட்டியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர்கள் சர்ச் ஸ்ட்ரீட் எங்கே என்று நமக்குச் சொல்வார்கள். புத்தகம் படிக்கிற பிள்ளையாக இருந்தால் அங்கே பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன என்று மட்டும் காதில் போட்டுவிடுங்கள்.

குழந்தைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான். எனவே வேகமாக. கப்பன் பார்க்கை ஒட்டி விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். பொத்தானை அழுத்தினால் சுற்றுகிற, ஓடுகிற சாமான்கள், குழந்தை அரை நாள் வெளியே வராது. அம்மா அப்பாவுக்கு அலுத்துப்போனால் ஒருவர் உள்ளே இருக்க, ஒருவர் பூங்காவுக்குப் போகலாம். அங்கிருந்தே விதான சௌதா முன்னால் படமும் எடுத்துவிடலாம், எதிரிலேயே 1868ஆம் ஆண்டுச் சிவப்புக் கட்டடம், இன்றைய உயர்நீதிமன்றம். எல்லாம் ஒரே திசை. நேரு கோளரங்கமும் தூரமில்லை, ஆனால் திங்கட்கிழமை விடுமுறை. பன்னேர்கட்டா மிருகக்காட்சிச் சாலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும். மூடிய கேட்டுக்கு முன்னால் புலி எங்கே என்று அழுகிற பிள்ளையை அவ்வளவு தூரம் திருப்பிக் கூட்டி வருவது உங்கள் பாடு.

நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.