அறை மூலைக்கு நானே செய்த பேஸ் ட்ராப்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பின்னால் மூலையில் ஒன்று ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிறது பாருங்கள், அதுதான் பேஸ் ட்ராப், அதாவது அறையில் தங்கிவிடுகிற தாழ்ந்த ஒலியை (பேஸை) உறிஞ்சும் பலகை. வீட்டிலேயே செய்தது, மொத்தம் எட்டுப் பலகைகள்.

ஏன் செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த அறையின் நீளம் 3.4 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், அதை அறை நீளத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால் 50 ஹெர்ட்ஸ் வரும், அந்த ஒலி இந்த இரண்டு சுவருக்கும் நடுவே நிலையாக நின்றுவிடும். சுவரோரம் போனால் முழங்கும், நட்டநடுவில் காணாமலே போகும். நான் நாற்காலி போட்டிருந்தது நட்டநடுவில்! பாட்டை மிக்ஸ் செய்யும்போது கிக் டிரம், அதாவது காலால் அடிக்கிற பெரிய டிரம், காதில் விழவில்லையே என்று அதன் ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன், அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிர்கிறது. ஈக்யூவில், அதாவது குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கிற கருவியில், ஏற்றியும் பலனில்லை, ஏனென்றால் அங்கே நேராக வரும் அலையைச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை அழிக்கிறது, ஒன்றை ஏற்றினால் மற்றதும் கூடவே ஏறும். அதனால் முதல் வேலையாக நாற்காலியை நகர்த்துங்கள்.

அதே கணக்கில் அடுத்து நிற்பது அதன் இரண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ், அதை மீட்டினால் மட்டும் விரலை எடுத்த பிறகும் அறை முழங்கிக்கொண்டே இருந்தது. பேஸ் ட்ராப் நன்றாகப் பிடிப்பது இந்த இடத்தைத்தான். 50 ஹெர்ட்ஸை, பலகைக்குள் இருக்கிற 10 செ.மீ. ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு, பெரிதாக ஒன்றும் செய்யாது.

ராக்வூல் மாதிரிப் பொருள், காற்று வேகமாக அசைகிற இடத்தில்தான் ஒலியை உறிஞ்சும். சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை, 100 ஹெர்ட்ஸுக்கு அசைவு உச்சமாவது சுவரிலிருந்து 86 செ.மீ. தள்ளி. சுவரில் ஒட்டுகிற மெல்லிய ஃபோம் பேஸைத் தொடாததற்கு இதுதான் காரணம், முட்டை அட்டையும் அப்படித்தான். தடிமன் வேண்டும், பின்னால் காற்று இடைவெளி வேண்டும். மூலையில் 60 செ.மீ. அகலப் பலகையைக் குறுக்காக நிறுத்தினால் நடுவில் 30 செ.மீ. இடைவெளி தானாகவே கிடைக்கும், அறையின் எல்லா அலைகளும் வந்து சேர்வதும் மூலையில்தான்.

செய்வது எளிது. 120-க்கு 60 செ.மீ. மரச் சட்டம், உள்ளே 5 செ.மீ. ராக்வூல் இரண்டு, மேலே துணி. துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போனால் அது சரியான துணி. பின்பக்கம் பிளைவுட் அடிக்காதீர்கள், முதல் பலகைக்கு நான் அடித்துவிட்டு, பிறகு பெயர்த்தெடுத்தேன், அடைத்துவிட்டால் அந்த இடைவெளியால் பயனே இல்லை. அடர்த்தி கனமீட்டருக்கு 40 முதல் 60 கிலோ போதும். அப்புறம், வெட்டும்போது முகக்கவசம், கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போடுங்கள், இதில் அலட்சியம் வேண்டாம், அந்தத் தூசு தோலில் பட்டாலே அரிக்கும்.

ஒரு மூலைக்கு இரண்டு பலகை, ஒன்றின்மேல் ஒன்று. நாலாவது மூலையில் கதவு இருப்பதால் அந்த இரண்டையும் பின்சுவரும் கூரையும் சேர்கிற இடத்தில் சாய்த்து மாட்டினேன், அதுவும் மூலைதானே. பக்கத்து வீட்டுச் சத்தம் குறையுமா என்று கேட்காதீர்கள், குறையாது, அது வேறு வேலை.

மைக்கை ஒரே இடத்தில் வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் முன்னும் பின்னும் அளந்தேன். வரைபடத்தைவிட எனக்குப் பிடித்தது அந்த ஜி தந்திதான், விரல் நின்றால் இப்போது அதுவும் நிற்கிறது. சரி, போட்டுக் காட்டுகிறேன். ஹெட்போனில் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் இந்த ஸ்வரம் சரியாக வராது. முதலில் பழைய பதிவு.