யூதப் பள்ளியும் ஜெப ஆலயமும் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்கின்றன? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் பஸ்கா பண்டிகையைப் பற்றிப் பேசினோம் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பள்ளிக்கூடம் என்றால் படிப்பு, ஜெப ஆலயம் என்றால் வழிபாடு. யூதர்களிடம் இவை இரண்டும் சேர்ந்து பிள்ளைகளை வளர்க்கின்றன, குடும்பத்தைத் தாங்குகின்றன என்றீர்கள். அது எப்படி? பெற்றோர் செய்ய வேண்டிய வேலையை இவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா?"

நல்ல கேள்வி, சகோதரி. முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தை 'ஷூல்' என்பார்கள். அது இத்திஷ் மொழிச் சொல். பள்ளிக்கூடம் என்பதற்கு ஜெர்மன் மொழியில் இருக்கும் அதே சொல்தான். நமக்குப் பக்கத்தில், கொச்சியில் மலையாளம் பேசி வாழ்ந்த யூதர்கள் தங்கள் ஆலயத்தைப் 'பள்ளி' என்றே அழைத்தார்கள். நம் பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் இருக்கிற அதே பள்ளி. படிக்கிற இடத்தையும் தொழுகிற இடத்தையும் பிரித்துப் பார்க்காத பழக்கம் பேச்சிலேயே தெரிகிறது.

இது எங்கிருந்து வந்தது என்பதற்கு, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில், பாபா பத்ரா என்ற பகுதியில், ஒரு வரலாறு சொல்லியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆரம்பத்தில் தகப்பன்தான் மகனுக்குத் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்களைச் சொல்லித் தருவான். தகப்பன் இருந்தவன் படித்தான். தகப்பன் இல்லாதவனுக்குச் சொல்லித் தர ஆளில்லை. சரி என்று எருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். அங்கேயும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு தகப்பன் வேண்டியிருந்தது. அடுத்து வட்டாரத்துக்கு வட்டாரம் ஆசிரியர்களை வைத்து, 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அந்த வயதுப் பையன் முறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்! கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற பிரதான ஆசாரியர், ஊருக்கு ஊர் ஆசிரியர்களை வைத்து, 6, 7 வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆகிவிட்டால் ஊர்ச் செலவில் ஒரு துணை ஆள், 50 என்றால் இரண்டு ஆசிரியர்கள் என்று அதே பக்கத்தில் கணக்கும் போட்டிருக்கிறார்கள்.

தகப்பன் இல்லாத பிள்ளை விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு பாதி வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் ஓய்வுநாள் விளக்கை ஏற்றுவார்கள். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் பெற்றோர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். மகனென்றால் எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும், மகளென்றால் சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாளைப் போலவும் ஆகவேண்டும் என்று. அந்த வாரம் பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் அதே ஆசீர்வாதம்தான். பல யூதப் பள்ளிகளில், சின்னக் குழந்தைகளின் வகுப்பில் வெள்ளிக்கிழமை காலையே இதை ஒத்திகை மாதிரிச் செய்வார்கள். பின்னிய ரொட்டி, பாட்டு, எல்லாம் உண்டு. வீட்டில் இந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தால், பிள்ளையே அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

பஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டிதான் கேள்வி கேட்க வேண்டும் என்று போன வாரம் பார்த்தோம். ஆலயத்திலும் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வாசித்த தோராவை முடித்து மறுபடி தொடங்கும் சிம்ஹத் தோரா என்ற பண்டிகை நாளில் சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் மேடைக்கு அழைத்து, அவர்கள் தலைக்கு மேல் பெரிய ஜெபச் சால்வை ஒன்றைப் பந்தல் போல விரித்துப் பிடிப்பார்கள். அதன் கீழே நின்றுதான் பிள்ளைகள் தோரா வாசிப்புக்கான ஆசீர்வாதத்தில் பங்கெடுப்பார்கள். பையனுக்கு 13 வயதானால் அவனே பொறுப்பேற்று, சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு வர நீண்ட காலமாயிற்று. 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில், ரபி (யூத மதகுரு) மொர்தெகாய் கப்லான் தன் 12 வயது மகள் ஜூடித்தைச் சபைக்கு முன்னால் வாசிக்க வைத்தார். பெண் பிள்ளை இப்படிப் பொறுப்பேற்கும் சடங்கான 'பாத் மிட்ஸ்வா', அமெரிக்காவில் இன்று பரவலாக நடப்பது, அங்கிருந்து தொடங்கியது. பழமைவாதச் சபைகளில் இன்றும் முறை வேறுதான்.

அப்புறம், பெற்றோர் வேலையை இவர்கள் ஏற்கிறார்களா என்று கேட்டீர்கள். இல்லை, அப்படி விட்டபோதெல்லாம் அது சரியாக நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வகுப்பு வாசலில் இறக்கிவிட்டுப் போகிற வழக்கம் அமெரிக்காவில் உண்டு. வீட்டில் எதுவும் இல்லாமல் வகுப்பில் மட்டும் படித்தது பல பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. அதனால்தான் இப்போது பெற்றோரையும் கூட உட்கார வைத்து நடத்தும் வகுப்புகள் வந்திருக்கின்றன. 2005இல் ஹரால்ட் கிரின்ஸ்பூன் தொடங்கிய 'பிஜே லைப்ரரி' மாதாமாதம் குழந்தைப் புத்தகங்களை இலவசமாக வீட்டுக்கே அனுப்புகிறது. தூங்கப் போகும் நேரத்தில் அம்மாவோ அப்பாவோ வாசிக்க வேண்டும், அதுதான் நோக்கம். எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அமெரிக்காவில் முழுநேர யூதப் பள்ளிகளின் கட்டணம் மிக அதிகம். சலுகை தருகிறார்கள், ஆனாலும் அதைக் கேட்டு நிற்பது ஒரு குடும்பத்துக்கு எளிதல்ல. அநாதைப் பிள்ளைக்காகத் தொடங்கிய ஏற்பாட்டில் பணம் ஒரு தடையாக நிற்கக் கூடாது.

குடும்பத்தைத் தாங்குவது என்று சொன்னேனே, அது பெரும்பாலும் சாப்பாட்டில் தெரியும். குழந்தை பிறந்த வீட்டுக்குச் சபையார் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோவார்கள். 'கெமாக்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது: வட்டியில்லாக் கடன், தொட்டில், கல்யாண உடை, சக்கர நாற்காலி என்று எதையும் வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரலாம். சாவு வீட்டில் அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாட்டை அந்த வீட்டார் சமைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் ரொட்டியும் அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவர வேண்டும். ஏழு நாளும் வீட்டுக்கே வந்து ஜெபிப்பார்கள்.

அப்போது சொல்கிற ஜெபத்துக்குக் 'கதீஷ் யாதோம்' என்று பெயர். கதீஷ் என்பது கடவுளைப் போற்றும் ஜெபம்; இது அநாதையின் கதீஷ் என்று அர்த்தம். பெரியவர்களைப் போல ஜெபத்தை முன்நின்று நடத்த முடியாத, தகப்பனை இழந்த சின்னப் பையன்கள் சொல்வதற்கென்று இடைக்கால ஐரோப்பாவில் ஏற்பட்ட வழக்கம் அது. இன்றும் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும், பிள்ளை சொல்லச் சொல்ல அவர்கள் 'ஆமென்' சொல்ல வேண்டும். 11 மாதம் சொல்ல வேண்டிய ஜெபம் அது. அதனால் அந்தப் பிள்ளைக்காக, மழையோ குளிரோ, பத்துப் பேர் எழுந்து வருகிறார்கள்.