நாரி நோவுக்கு ஊசி குத்தலாமா?

வணக்கம் நேயர்களே. நான் வெள்ளவத்தையில் பிசியோதெரபி செய்கிறவன். மூன்று மாதத்துக்கு மேல் நாரி நோவோடு இழுபடுகிறவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "அக்குபங்சர் செய்து பார்க்கலாமா?" பாருங்கள், ஆனால் அதில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் பயத்தை விடுங்கள். அக்குபங்சர் ஊசி இரத்தம் எடுக்கிற ஊசி மாதிரி இல்லை, முடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு. நாரியிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் ஏற்றிவிட்டு இருபது, முப்பது நிமிடம் குப்புறப் படுக்கவிடுவார்கள்.

2009 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது, 638 பேர். சிலருக்கு உண்மையான ஊசி. சிலருக்கு அதே குழாய்க்குள் பல்லுக்குத்தும் குச்சியை வைத்துத் தோலில் தட்டினார்கள், உள்ளே ஏறவேயில்லை. மற்றவர்களுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். 8 கிழமையில் ஊசிக்காரரும் குச்சிக்காரரும் ஒரே அளவில் தேறியிருந்தார்கள்: 100 பேரில் 60 பேருக்கு அன்றாட வேலை செய்வது நன்றாகவே இலகுவாகியிருந்தது, வழக்கமான வைத்தியத்தில் 39 பேருக்குத்தான். ஆக, சுகம் கிடைப்பது உண்மை, ஆனால் உடம்பில் இன்ன புள்ளியில் குத்தினால்தான் மாறும் என்பதை நான் நம்பவில்லை. நிபுணர்களும் இரண்டுபட்டுத்தான் நிற்கிறார்கள்: இங்கிலாந்தில் வைத்திய வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016 இல் வேண்டாம் என்றது, அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற வைத்தியர் சங்கம் அடுத்த வருடமே செய்யலாம் என்றது.

கொட்டாஞ்சேனையில் தையல் மெஷினே கதியாக இருக்கிற ஓர் அக்கா, ஊசி குத்தி நோ குறைந்த கிழமையே கூடுதலாக இரண்டு மணித்தியாலம் தைத்தார், திரும்பப் பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை, நோ குறைந்த அன்றைக்கே பின்னேரம் நடக்கச் சொன்னேன், முதலில் 10 நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. ஊசி வாங்கித் தருவது அந்த நாலு நல்ல நாளைத்தான், அதை நடைக்கும் பயிற்சிக்கும் செலவழியுங்கள்.

20 தடவைக்கு முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதியே 90 நாளில் 12 தடவைதான் தருகிறது, குணம் தெரிந்தால் மட்டும் இன்னும் 8. ஊசிப் பக்கற்றை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுக்கிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாரி நோவோடு சலம் போவது தெரியாமலிருந்தால், குந்தியிருக்கிற இடம் மரத்துப்போனால், கால் பலமிழந்தால் ஊசியும் வேண்டாம், நானும் வேண்டாம், அன்றைக்கே பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.