எண்ணெய் எங்கே இருக்க வேண்டும்? பழைய மோட்டார் சைக்கிள்களில் உலர் கிளட்ச்சும் ஈரக் கிளட்ச்சும்

[காட்சி: மர மேசை. இடப்புறம் தடித்த ஒற்றைப் பிளேட். வலப்புறம் மெல்லிய பிளேட்டுகளின் அடுக்கு.]

வணக்கம். இந்த மேசையின் இடப்புறத்தில் இருப்பது 1969 முதல் பெர்லினில் தயாரான பி.எம்.டபிள்யூ. ஆர் 75/5 வண்டியின் கிளட்ச் பிளேட். வலப்புறத்தில் அடுக்கி வைத்திருப்பவை சென்னைத் திருவொற்றியூரில் தயாரான 350 சி.சி. புல்லட்டின் பிளேட்டுகள். முதலாவதைத் தொட்டால் விரல் நுனியில் கரித்தூள் போன்ற தூசு படிகிறது. இரண்டாவதைத் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறது. எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கொடுப்பதும், நாம் கைப்பிடியை இழுக்கும்போது அதைத் துண்டிப்பதுமே இரண்டுக்கும் வேலை. ஆனால் முதலாவது உலர் கிளட்ச்; அதன் மேல் எண்ணெய் பட்டால் அது கெட்டுப்போகும். இரண்டாவது ஈரக் கிளட்ச்; அதற்கு எண்ணெய் இல்லாவிட்டால் அது கெட்டுப்போகும்.

இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்வியைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். பழைய வண்டியை வைத்துப் பராமரிப்பவருக்கு அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டியில் எண்ணெய் எங்கே இருக்க வேண்டும், இப்போது எங்கே இருக்கிறது? புதிய பிளேட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இதற்கு விடை தெரிந்துகொண்டால், பாதிச் செலவு மிஞ்சும் என்பது என் உறுதியான எண்ணம்.

[காட்சி: ஸ்பிரிங்குகள் பிளேட்டுகளை அழுத்தும் வரைபடம்.]

கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையை, அதாவது சுழற்றும் விசையை, தாங்கும் என்பது உராய்வுக் குணகம் (பரப்பு எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு), ஸ்பிரிங்கின் அழுத்தம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, பிளேட்டின் சராசரி ஆரம் ஆகிய நான்கின் பெருக்கலாக அமைகிறது. உலர்ந்த பிளேட்டின் உராய்வுக் குணகம் பொதுவாக 0.3 முதல் 0.4 வரை இருக்கும்; எண்ணெயில் நனைந்தபின் அது 0.1-ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே எண்ணெயில் ஓடும் கிளட்ச், தான் இழந்த பிடிப்பைப் பரப்புகளைக் கூட்டித்தான் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. புல்லட்டில் பிளேட்டுகள் அடுக்கடுக்காக இருப்பதற்கும், பி.எம்.டபிள்யூவுக்கு ஒரே பிளேட் போதுமானதாக இருப்பதற்கும் இதுவே முதற்காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. பி.எம்.டபிள்யூவில் கிளட்ச் நேராக எஞ்சினின் பின்னால், ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரத்திலேயே பொருத்தப்பட்டு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் வேகத்திலேயே சுழல்கிறது. புல்லட்டிலோ கிராங்கின் சிறிய பல்சக்கரத்திலிருந்து பிரைமரி சங்கிலி வழியாகப் பெரிய பல்சக்கரத்துக்கு வந்தபிறகே கிளட்ச் சுழல்கிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால், அது தாங்க வேண்டிய முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகிறது.

பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றின் கிளட்ச் எண்ணெய்க்குள் போய்ச் சேர்ந்ததற்கு இந்தச் சங்கிலியே காரணம். சங்கிலிக்கு எண்ணெய் தேவை. கிளட்ச் அதே சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் மூடிவிடுவதே எளிய வழி. அக்காலத்துப் பிளேட்டுகளில் துளையிட்டுத் தக்கைத் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். பாட்டில் மூடும் அதே தக்கைதான். எண்ணெயில் ஊறிய நிலையிலும் அது நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் வற்றினாலோ சூடேறிக் கருகிவிடும்.

எல்லோரும் இந்த எளிய வழிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1946-இல் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் வின்சென்ட் நிறுவனத்தார் ராப்பிட் வண்டியின் பி வரிசையைக் கொண்டுவந்தபோது, மூவரிசைச் சங்கிலியை எண்ணெயில் ஓடவிட்டு, கிளட்ச்சை மட்டும் அதன் பக்கத்திலேயே தனி உலர் அறைக்குள் வைத்தார்கள். அதில் சிறிய பிளேட் ஒன்று முதலில் பிடிக்கும். அந்தப் பிடிப்பின் விசையே டிரம் பிரேக்கில் இருப்பது போன்ற இரண்டு ஷூக்களை விரித்து டிரம்மின்மேல் அழுத்தும். 1000 சி.சி. எஞ்சினின் விசையைக் கைக்கு வலிக்காமல் அடக்கிய அந்த அமைப்பை எப்போது பார்த்தாலும் எனக்கு மரியாதை எழுகிறது. ஆனால் சங்கிலிப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து அந்த அறைக்குள் புகுந்தால், சிறிய பிளேட் நழுவும். அது நழுவினால் ஷூக்களும் விரிவதில்லை.

[காட்சி: புல்லட்டின் இடப்பக்கம். கீழே எண்ணெய்த் தட்டு.]

இப்போது புல்லட்டுக்கு வருவோம். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின; ரெட்டிச்சின் வடிவமைப்பே இங்கும் தொடர்ந்தது. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட அந்தப் புல்லட்டில் எஞ்சின், கியர்பெட்டி, பிரைமரி சங்கிலிப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் உயவு தனித்தனி. இடப்பக்கத்துக் கால்மிதியையும் பிரேக் மிதியையும் எடுத்துவிட்டால், சங்கிலிப் பெட்டியின் மூடி நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டில் நிற்பதைக் காணலாம். அந்த நட்டைக் கழற்றி, மூடியை மெதுவாக அசைத்து இழுத்தால், எண்ணெய் தட்டில் வழியும். உள்ளே கிளட்ச் முழுவதும் கண்ணெதிரே இருக்கும்.

[காட்சி: கிளட்ச் டிரம்மின் காடிகள், மிக அருகில்.]

டிரம்மின் ஓரத்தில் உள்ள இந்தக் காடிகளை உற்றுப் பாருங்கள். பிளேட்டுகளின் காதுகள் (காடிகளுக்குள் நிற்கும் ஓர நீட்சிகள்) ஆண்டுக்கணக்கில் இடித்து இடித்து, காடிச் சுவரில் சிறுசிறு பள்ளங்களை உண்டாக்கியிருக்கின்றன. நகத்தால் தடவினாலே தட்டுப்படுகின்றன. கைப்பிடியை இழுக்கும்போது பிளேட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நகர வேண்டும். காதுகள் இந்தப் பள்ளங்களில் சிக்கிக்கொள்வதால் அவை நகர்வதில்லை. கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பதால், சிக்னலில் நியூட்ரல் விழுவதில்லை. பிளேட்டை மாற்றியும் இந்தக் குறை தீராதவர்கள் பலர். பள்ளம் ஆழமில்லை என்றால் மெல்லிய அரத்தால் சீராக்கினாலே போதும்.

இதே அறிகுறி எண்ணெயாலும் வரும். மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றினாலோ, மட்டத்துக்கு மேல் நிரப்பினாலோ, குளிர்ந்த காலையில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய ஓட்டுநர்கள் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் கிளட்ச்சை இழுத்துப் பிடித்து இரண்டு மூன்று முறை வெறுமனே உதைப்பார்கள் அல்லவா? கிக்கரின் சுழற்சி கியர்பெட்டி வழியாகக் கிளட்ச்சின் நடுப்பகுதிக்குத்தான் முதலில் போகிறது. எஞ்சினோடு பிணைந்த பிளேட்டுகள் ஒட்டியிருந்தால் உதை கனக்கும், விடுபட்டவுடன் கால் இலேசாக இறங்கும். முதல் கியரில் வண்டி துள்ளாமல் இருக்க இதைவிட நல்ல பழக்கம் வேறில்லை. கைப்பிடியை இழுக்காமல் உதைக்கும்போதே கால் சுலபமாக இறங்கி எஞ்சின் சுழலவில்லை என்றால், கிளட்ச் நழுவுகிறது என்று பொருள்.

நழுவும் கிளட்ச்சுக்கு எண்ணெயின் வகையும் காரணமாகலாம். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்த்த கார் எண்ணெய்கள் உண்டு. அவை ஈரக் கிளட்ச்சின் பிடிப்பைக் கெடுக்கக்கூடியவை. மோட்டார் சைக்கிள் எண்ணெய் டப்பாவில் ஈரக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டைப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். ஊற்றாமலேயே சங்கிலிப் பெட்டியில் மட்டம் உயர்ந்துகொண்டு போனால், கிராங்கின் அந்தப் பக்கத்துச் சீல் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

[காட்சி: பி.எம்.டபிள்யூ. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடைப்பட்ட கூட்டின் அடிப்பகுதி. ஒரு துளி எண்ணெய்.]

உலர் கிளட்ச்சின் பெரும் வசதி, தேய்மானத் தூசு எஞ்சின் எண்ணெயில் கலப்பதில்லை. எண்ணெயைக் கலக்குவதில் விசையும் வீணாவதில்லை. 1993-இல் வந்த டுகாட்டி மான்ஸ்டர் 900 போன்ற வண்டிகளில் கைப்பிடியை இழுத்தவுடன் எழும் கடகட ஓசை, அழுத்தம் நீங்கிய பிளேட்டுகளின் காதுகள் எண்ணெய்ப் படலம் இல்லாமல் டிரம்மில் மோதுவதால் வருவது. அதைப் பழுது என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

கலங்க வேண்டியது இந்தத் துளியைப் பார்த்துத்தான். ஆர் 75/5 போன்ற வண்டியில் கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் எண்ணெய் கசிந்தால், பின்பக்கக் கிராங்க் சீல், எண்ணெய்ப் பம்பு மூடியின் ரப்பர் வளையம், கியர்பெட்டியின் முன்சீல் ஆகிய மூன்றில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெயில் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மீண்டும் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சூடேறியதும் உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய் மறுபடியும் மேலே வரும். இங்கே புல்லட்டைப் போல ஒரே நட்டு இல்லை; கியர்பெட்டியையே கீழே இறக்க வேண்டும். ஆகவே ஒருமுறை திறந்தால், சீல்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டே மூடுங்கள். பிளேட் நகரும் கியர்பெட்டித் தண்டின் பல்வரிகளுக்குக் கிரீஸ் அவசியம். ஆனால் மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். அதிகமானால் அதுவே தெறித்துப் பிளேட்டில் படியும்.

[காட்சி: மீண்டும் புல்லட். சங்கிலிப் பெட்டியின் மட்டத் திருகாணி.]

மூடியை மாட்டிய புல்லட்டில் எண்ணெய் ஊற்றும்போது வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். இந்த மட்டத் திருகாணியைக் கழற்றிவிட்டு, மேலே இருந்து சிறிது சிறிதாக ஊற்றுங்கள். துளை வழியாக எண்ணெய் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். வழிவது சொட்டாகக் குறைந்து நிற்கும்வரை காத்திருந்து, திருகாணியை முடுக்குங்கள்.