கதவைத் தட்டாதவர்களுக்கான மனநலம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தடுப்பூசி போடும் நாளன்று தாய்சேய் நல மையம் ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். எடை பார்க்கும் தட்டில் குழந்தையைக் கிடத்துகிறார்கள், எடையை அட்டையில் குறிக்கிறார்கள், ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திவிட்டுத் தாயின் கையில் கொடுக்கிறார்கள். பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, காய்ச்சல் வந்ததா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் வருகின்றன. அத்தனையும் குழந்தையைப் பற்றியவை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் தூங்கினாரா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாமல் போகும் அந்தக் கேள்வியை ஒட்டித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

மனநலம் பற்றிய அறிக்கைகளில் ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பிரிவினர்’ என்ற தொடர் அடிக்கடி வரும். எனக்கு அந்தத் தொடரின் மேல் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. நெற்றியில் குத்திய முத்திரைபோல அது ஒலிக்கிறது. வறுமையும் வன்முறையும் நாடு விட்டு நாடு துரத்தப்படுவதும் சிலர்மேல் வாழ்நாள் முழுவதும் ஏற்றிவைக்கும் பாரத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பிரசவம், வேலை பறிபோவது, துணையை இழப்பது போன்ற திருப்பங்களில் நேற்று வரை திடமாக இருந்தவரும் தளர்ந்துவிடுகிறார். தளர்ந்தவர் தாமாகவே உதவி தேடி வருவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். தேடிப் போகும் அந்தத் தெம்பைத்தான் மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்கிறது. ஆகவே, அவர் வேறு காரியத்துக்காக ஏற்கெனவே வந்துபோகும் இடத்திலேயே உதவி காத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்புக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்றும், வளரும் நாடுகளில் இது 20 விழுக்காட்டை நெருங்குகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. 1987-இல் வெளியான எடின்பரோ வினாப்படிவத்தில் பத்தே கேள்விகள்தான். கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி உங்களையே நொந்துகொண்டீர்களா என்று தொடங்கி, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் அது முடிகிறது. இந்தப் பத்தாவது கேள்வியைக் கேட்கப் பணியாளர்கள் தயங்குவதுண்டு. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் எதையும் காணவில்லை. யாராவது கேட்டார்களே என்பதே பலருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? மனநல மருத்துவர்கள் அரிதாக உள்ள இடங்களில் இதுதான் பெரிய கேள்வி. பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரத்துக் கிராமங்களில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறிது பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம் மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் முறையாகப் பேச வைத்தார்கள். 2008-இல் வெளியான முடிவுகளின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அந்தத் தாய்மாரில் 23 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. இந்தப் பயிற்சியில்லாத பணியாளர்கள் சென்ற வீடுகளிலோ அது 53 விழுக்காடு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி போட்டவர்கள் கூடினார்கள். உங்களுக்கு மனநோய், அதற்குச் சிகிச்சை தர வந்திருக்கிறோம் என்று யாரும் வாசலில் நின்று சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர என்ன செய்யலாம் என்றுதான் பேச்சு தொடங்கியது. மாமியாரும் கணவரும் மறுக்க முடியாத பேச்சு அது.

குழந்தைப் பருவத்துக்கு வந்தால், ஹவாயைச் சேர்ந்த காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் நடுவயது வரை பின்தொடர்ந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் என்று பல சுமைகள் ஒருசேர விழுந்த குழந்தைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் திடமான மனிதர்களாகவே வளர்ந்திருந்தார்கள். அவர்கள் வாழ்வில் தாயோ பாட்டியோ ஆசிரியரோ, விட்டுப்போகாத ஒரு பெரியவராவது இருந்தார்.

வயதுவந்தோரின் மனநலப் பாதிப்புகளில் ஏறத்தாழப் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுவதால் எல்லோருடைய பார்வையும் பள்ளிகள்மேல் விழுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: நல்லெண்ணத்தோடு நடத்துவதெல்லாம் பலன் தந்துவிடாது. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், வகுப்பறையில் மொத்தமாகக் கற்றுத்தந்த மனக்கவனப் பயிற்சியால், அதாவது நடக்கும் கணத்தில் மனத்தை நிறுத்திப் பழகுவதால், குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தெரியவில்லை. மாறாக, ஐரோப்பிய நாடுகள் பத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், மாணவர்களே தங்கள் சிக்கல்களை நடித்துக் காட்டி விவாதித்த முறை, புதிதாகத் தற்கொலைக்கு முயல்வதை ஓராண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைவிட அவர்கள் பேச இடம் விடுவது மேல் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நடுவயதினரை மனநலத் திட்டங்கள் வழக்கமாக மறந்துவிடுகின்றன. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூர், ஒரே நூற்பாலையை நம்பி வாழ்ந்தது. 1930-ஐ ஒட்டி ஆலை மூடப்பட்ட பின் அங்கே சென்ற ஆய்வாளர்கள், ஜன்னலோரம் கடிகாரத்தோடு அமர்ந்து, தெருவில் நடப்போரின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். நேரம் அவ்வளவும் கையிலிருந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டுவேலை ஓயாத பெண்கள் விரைந்து நடந்தார்கள். நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டபோதிலும் புத்தகம் இரவல் வாங்குவது ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. வேலை போனால் வருமானத்தோடு, நாளுக்கு இருந்த வடிவமும் போய்விடுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இதற்கு அமைத்த பயிற்சி ஐந்து அரைநாள்களே நடக்கும். வேலை தேடும் வழிகளோடு, நிராகரிப்பு வரும்போது என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழக்குவார்கள். மனச்சோர்வில் விழக்கூடும் என்று கருதப்பட்டவர்களுக்கே அது மிகுதியாகப் பயன்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வருபவரிடமே இதைக் கொண்டு சேர்க்கலாம்.

முதுமையைப் பற்றிப் பேசும்போது, மறதிநோய் கண்டவரைச் சுற்றியே பேச்சு நின்றுவிடுகிறது. அவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பிரிவினர்’ பட்டியலில் இடம்பெறுவது குறைவு. லண்டன் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் பயிற்சி இல்லாத உளவியல் பட்டதாரிகள் எட்டு முறை மட்டும் சந்தித்துப் பேசியதே அத்தகைய பராமரிப்பாளர்களின் மனச்சோர்வைக் குறைத்தது. நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதும் அதே மேசையில், உடன் வந்தவருக்கும் இந்தச் சந்திப்புக்கான தேதியைக் குறித்துக் கொடுத்துவிடலாம்.

முதியவர்களை உதவி பெறுவோராக மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு ஜிம்பாப்வே சாட்சி. 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, ஹராரே நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பணி தொடங்க முனைந்தபோது, அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். மருத்துவமனையில் அறை கொடுக்க இடமில்லை. வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து, வருவோரின் கவலையைக் கேட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்து தீர்க்கும் வழியை வந்தவரோடு சேர்ந்து யோசித்தார்கள். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை ஒதுக்கி, ‘குஃபுங்கிசிசா’, அதாவது ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்ற தங்கள் ஷோனா மொழிச் சொல்லிலேயே பேசினார்கள். 573 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியான சோதனையில், பெஞ்சில் அமர்ந்து பேசியவர்களிடம் ஆறு மாதத்துக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. அன்று அறை கிடைத்திருந்தால் அந்தப் பெஞ்சு வெளியே வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

நன்றி, வணக்கம்.