சராசரி மறைத்த கவலை

நேயர்களுக்கு வணக்கம். ஒன்பது உருவங்கள் வரிசையாக நிற்பதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் உருவம் எலும்பும் தோலும், ஒன்பதாவது நல்ல பருமன். 1985இல் வெளிவந்த ஆய்வுக்காக, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃபாலனும் ரோசினும் 475 மாணவ மாணவியரிடம் இந்தப் படங்களைக் காட்டினார்கள். இதில் நீங்கள் எது? எதுபோல் இருக்க ஆசை? எதிர்பாலினருக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பெண்கள் தங்களைவிட மெலிந்த படத்துக்கே ஆசைப்பட்டார்கள். ஆண்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று அவர்கள் காட்டிய உருவமும், ஆண்கள் உண்மையில் தேர்ந்தெடுத்ததைவிட ஒல்லி. ஆண்களோ மூன்று கேள்விக்கும் ஏறக்குறைய ஒரே படத்தைக் காட்டினார்கள். பையன்களுக்கு உடம்பைப் பற்றிக் கவலையே இல்லை என்றுதானே தோன்றுகிறது?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். விடுதி அறையொன்றில் இரண்டு பையன்கள் என்று வையுங்கள். ஒருவன் ஐந்தாம் படம், மூன்றாக இளைக்க ஆசை. மற்றவன் மூன்றாம் படம், ஐந்தாகத் தேற ஆசை. இப்போதைய உடம்புக்குச் சராசரி நான்கு. ஆசைக்கும் சராசரி நான்கு. தாளில் ஒரு குறையும் இல்லை. அறையிலோ ஒருவன் ராத்திரி பட்டினி கிடக்கிறான், இன்னொருவன் ஆறாவது முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறான்.

1987இல் ட்ரூனோஸ்கியும் யீயும் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டு மாணவிகளில் 85 சதவீதம் பேர் எடை குறைய விரும்பினார்கள். மாணவர்களில் 40 சதவீதம் பேர் எடை குறைய விரும்பினார்கள், 45 சதவீதம் பேர் எடை கூட விரும்பினார்கள். திரும்பவும் சொல்கிறேன்: 40 குறைய, 45 கூட. கூட்டிப் பாருங்கள், அங்கேயும் அதே 85!

சாப்பாடு தொடர்பான மனநலக் கோளாறு இருக்குமோ என்று பார்க்கத் தரும் கேள்வித்தாளிலும் இந்த ஓட்டை உண்டு. ஈட்-26 என்ற தாளில் 26 கேள்விகள். 20 மதிப்பெண்ணைத் தொட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். மெலியும் ஆசை, குண்டாகிவிடும் பயம் என்றே பல கேள்விகள் போகும். தோள் அகலவில்லையே என்று வாடும் பையன் அதில் எளிதாகத் தப்பிவிடுவான். கட்டுடல் ஆசையை அளக்க மெக்ரியரியும் சாஸும் 15 கேள்விகளோடு தனி அளவுகோல் தந்தது 2000இல்தான்.

நேரம் நெருங்கிவிட்டது, பெற்றோருக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'காலேஜிலேயே சாப்பிட்டுட்டேன்' என்று தினமும் தட்டை ஒதுக்குவது, சோற்றையும் பழத்தையும் விட்டுப் புரதப் பொடியிலேயே காலம் தள்ளுவது, காய்ச்சலிலும் ஜிம்முக்கு ஓடுவது, சாப்பிட்ட கையோடு, வாந்தி எடுக்கும் சத்தம் கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவது. மகளோ மகனோ, இவற்றைக் கண்டால் எடைப் பேச்சை எடுக்காதீர்கள். 'சாப்பிட உட்கார்ந்தாலே பயமாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். மாதவிடாய் நின்றாலோ மயக்கம் வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.