எரிமலையின் வயதும் கரித்துண்டின் வயதும்

நேயர்களுக்கு வணக்கம்.

எரிமலைக் குழம்புக்குக் காபன் 14 முறையால் வயது சொல்ல முடியாது. காபன் 14 என்பது உயிர்கள் உள்ளெடுக்கும் கதிரியக்கக் காபன்; அவை இறந்தபின் அது சிறுகச் சிறுகத் தேயும், எஞ்சியதை அளந்தே வயது சொல்வார்கள். ஆகவே அந்த முறை உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டுமே பொருந்தும். அதனால்தான் ஆய்வாளர்கள் சாம்பல் படைக்குள் கருகிக் கிடக்கும் மரத்தைத் தேடுகிறார்கள்.

இங்கேதான் முதல் சிக்கல். கரி சொல்வது மாதிரி எடுத்த மரவளையம் வளர்ந்த காலத்தை. 300 வருட மரமொன்றின் நடுத்தண்டில் மாதிரி எடுத்தால், வெடிப்பு ஏறத்தாழ 300 வருடம் முந்தியதாகத் தெரியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் நல்லது. அது இல்லையென்றால் சுள்ளி, விதை. எடுத்த மாதிரியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள், காகிதமும் பஞ்சும் வேண்டாம், அவையும் காபன்தானே. ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆய்வுகூடத்தில் ஐதரோகுளோரிக் அமிலம், சோடியம் ஐதரொட்சைட்டு, மறுபடியும் அமிலம் என்று கழுவுவார்கள். முதல் அமிலம் சுண்ணாம்பு போன்ற காபனேற்றுகளை நீக்கும். காரம் மண்ணிலிருந்து ஊறிய ஹியூமிக் அமிலத்தைக் கரைக்கும். காரம் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடும் என்பதால்தான் கடைசி அமிலம். அதைத் தவிர்க்கவே கூடாது. காபன் 14 முழுவதும் தேய்ந்துபோன பழைய கரியில் வெறும் 1 சதவீதம் இன்றைய காபன் கலந்தாலே, வயது 37,000 வருடம் என்று வரும்.

எதிர்த் திசையிலும் பிழை உண்டு. எரிமலை வாயின் அருகே கசியும் காபனீரொட்சைட்டில் காபன் 14 இல்லை. அதை உண்டு வளர்ந்த செடியில் அது 1 சதவீதம் சேர்ந்தால் 80 வருடம் கூடித் தெரியும். ஆகவே வாயிலிருந்து விலகிய இடத்து மாதிரியையும் ஒப்பிட வேண்டும்.

வந்த எண்ணும் நாட்காட்டி ஆண்டல்ல; வயது தெரிந்த மரவளையங்கள் முதலியவற்றை அளந்து வரைந்த இன்ட்கால் 20 போன்ற வளைகோட்டில் பொருத்திய பின்னரே ஆண்டு கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு வீச்சாக. அதிர்ஷ்டம் சில வேளை கைகொடுக்கும். கி.பி. 774–775 இல் வளிமண்டலத்தில் காபன் 14 திடீரென உயர்ந்தது. உலகெங்கும் மரவளையங்களில் அது பதிந்துள்ளது. சீன, வடகொரிய எல்லையிலுள்ள பேக்டு எரிமலை வெடித்தபோது மடிந்த மரமொன்றில் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணினார்கள். விடை கி.பி. 946.

சுமார் 50,000 வருடத்துக்கு அப்பால் கரி உதவாது. நமக்குக் கிழக்கே சுமாத்திராவிலுள்ள தோபாவின் பெருவெடிப்பு ஏறத்தாழ 74,000 வருடம் பழையது. அதன் வயதைத் தந்தது பொற்றாசியம் தேய்ந்து உண்டாகும் ஆகன் வாயு. பொற்றாசியம் உள்ள சனிடீன் என்ற கனிமத்தின் பளிங்குகளை அணு உலையில் நியூத்திரன் பாய்ச்சிய பின், லேசரால் ஒவ்வொன்றாக உருக்கி அளப்பார்கள். மொத்தமாக உருக்கினால், குழம்பு மேலேறும்போது பழைய பாறையிலிருந்து அள்ளி வந்த பளிங்குகளும் கணக்கில் சேர்ந்து வயதைக் கூட்டிவிடும்.